இரவை எழுதிய ஒளி

நுழையும்முன்

மழை பெய்யும் இரவில் ஒளிப்படக்கருவியை உறையிலிட்டு வீடு திரும்புவதே பலரின் வழக்கம். அந்த வேளையில் கருவியைச் சுமந்துகொண்டு தெருவில் இறங்கிய ஒருவர், நூற்றாண்டுகள் பழமையான ஒரு நகரின் முகத்தை உலகுக்குப் புதிதாகக் காட்டினார். குறை எனப் பிறர் ஒதுக்கிய இருளையும் ஈரத்தையும் பனிமூட்டத்தையும் அவர் தம் கலைக்குத் துணையாக்கிக் கொண்டார். பாரிசின் இரவைப் படம்பிடித்த பிரஸ்ஸாயின் வாழ்க்கை, காத்திருத்தலின் பயனை எடுத்துரைக்கும் வாழ்க்கையாகும்.

பிறப்பும் இளமையும்

பிரஸ்ஸாயின் இயற்பெயர் ஜூலா ஹலாஸ் என்பதாகும். அவர் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் திரான்சில்வேனியாவில் உள்ள பிரஷ்ஷோ என்னும் நகரில் பிறந்தார். அப்போது அந்நகர் ஹங்கேரியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. முதல் உலகப்போருக்குப் பின்னர் அது ருமேனியாவுடன் இணைக்கப்பட்டது. இன்று பிரஷோவ் என்று வழங்கப்படுகிறது.

தந்தையார் பிரெஞ்சு மொழியும் இலக்கியமும் கற்பித்த ஆசிரியர். அவர் தம் கல்விப்பணிக்காக ஓராண்டு பாரிசில் தங்கியபோது குடும்பத்தையும் உடன் அழைத்துச் சென்றார். அப்போது ஜூலாவுக்கு நான்கு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. பூங்காக்களும் அகன்ற சாலைகளும் நிறைந்த அந்நகரம் குழந்தையின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. வளர்ந்தபின் அங்கேயே சென்று வாழவேண்டும் என்னும் விருப்பம் அவருக்குள் வேரூன்றியது.

அந்த விருப்பம் எளிதில் நிறைவேறவில்லை. முதல் உலகப்போரில் அவர் ஆஸ்திரிய - ஹங்கேரியப் படையின் குதிரைப்பிரிவில் பணியாற்ற நேர்ந்தது. புடாபெஸ்டு நுண்கலைக் கழகத்தில் ஓவியம் பயின்றார். போரில் பிரான்சை எதிர்த்து நின்ற நாட்டின் குடிமகன் என்பதால், போர் முடிந்தவுடன் அவரால் பாரிசுக்குச் செல்ல இயலவில்லை. ஆதலால் 1920ஆம் ஆண்டு பெர்லினுக்குச் சென்று, ஹங்கேரிய இதழ்களுக்குக் கட்டுரைகள் எழுதிக்கொண்டே ஓவியக்கல்வியைத் தொடர்ந்தார். 1924ஆம் ஆண்டுதான் அவர் பாரிசில் காலடி வைத்தார்.

வெறுப்பும் திருப்பமும்

பாரிசில் ஓவியராக விளங்க வேண்டும் என்பதே அவருடைய குறிக்கோளாக இருந்தது. கையில் பொருளில்லை. மலிவான விடுதி அறையில் தங்கினார். மார்செல் புரூஸ்த்தின் புதினத்தைப் படித்துப் பிரெஞ்சு மொழியறிவை வளர்த்துக்கொண்டார். வயிற்றுப்பாட்டுக்காக இதழ்களுக்குச் செய்திகள் எழுதினார். அக்கட்டுரைகளுக்குப் படங்கள் தேவைப்பட்டபோது பிறர் எடுத்தவற்றைத் தேடிச் சேர்த்து அனுப்பினார். ஒளிப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. அது கருவியின் வேலை. கலைஞனின் வேலையன்று என்று கருதி அதனை அவர் வெறுத்தே வந்தார்.

நண்பர்களோடு உரையாடி மகிழ்ந்தபின் விடியும்வரை தனியே நடப்பது அவர் வழக்கம். கால்வாய்க் கரைகள், பாலங்கள், சந்தைகள், பழைய தேவாலயங்களின் பின்புறச் சந்துகள் என நகரின் ஒவ்வொரு மூலையையும் இரவில் அவர் அறிந்திருந்தார். அவர் கண்ட காட்சிகள் ஓவியத்தாளில் அடங்கவில்லை; எழுத்திலும் அடங்கவில்லை. நெஞ்சில் நிறைந்தவற்றை வெளிப்படுத்த வழியின்றித் தவித்தார்.

அந்நிலையில் அவருக்கு வழிகாட்டியவர் ஆந்த்ரே கெர்தேஸ் என்னும் மற்றொரு ஹங்கேரிய ஒளிப்படக் கலைஞர். இரவிலும் படம் எடுக்க இயலும் என்பதைக் கெர்தேஸின் வாயிலாக ஜூலா உணர்ந்தார். தாம் வெறுத்த கருவியே தாம் தேடிய மொழி என்பது அவருக்குப் புலப்பட்டது. ஏறத்தாழ முப்பது வயதில் முதன்முதலாகக் கருவியைக் கையில் எடுத்தார். 6.5 செ.மீ. அகலமும் 9 செ.மீ. நீளமும் கொண்ட கண்ணாடித் தகடுகளில் படம் பதிக்கும் வாய்க்லாந்தர் கருவி அது.

எனினும் ஓவியக் கனவை அவர் கைவிட்டுவிடவில்லை. ஜூலா ஹலாஸ் என்னும் இயற்பெயரை வருங்கால ஓவியங்களுக்கென ஒதுக்கிவைத்தார். ஒளிப்படங்களுக்குத் தம் பிறந்த ஊரின் பெயரிலிருந்து வேறொரு பெயரைப் புனைந்துகொண்டார். பிரஷ்ஷோவைச் சேர்ந்தவர் என்னும் பொருளில் அமைந்த அப்பெயரே பிரஸ்ஸாய்.

ஒளிவெள்ளத்தில் பழமை

அக்காலத்துப் பாரிசு ஒளியால் புத்துருவம் பெற்றுக்கொண்டிருந்தது. பழைய வாயு விளக்குகள் சந்துகளில் மங்கலாக எரிந்தன. பெருஞ்சாலைகளில் மின்விளக்குகள் பெருகின. 1925ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் ஈபிள் கோபுரத்தின் மீது மோட்டார் வண்டி நிறுவனம் ஒன்றின் பெயர் மின்விளக்குகளால் எழுதப்பட்டு இரவு வானில் ஒளிர்ந்தது. வரலாற்றுச் சிறப்புமிக்க கட்டடங்களின் மீது தரையிலிருந்து ஒளிவெள்ளம் பாய்ச்சும் வழக்கமும் பரவியது. பகலில் சாம்பல் நிறமாகத் தோன்றிய கற்சுவர்கள் இரவில் வெண்மையாக எழுந்து நின்றன.

காண்பதற்கு இனிய இக்காட்சி படம் எடுப்பதற்குக் கடினமானது. வறண்ட இரவில் ஒளிபட்ட சுவர் மிகுந்த வெண்மையாகவும், சுற்றியுள்ள அனைத்தும் கருமையாகவும் இருக்கும். மனிதக் கண் இரண்டையும் ஒருங்கே காணும் ஆற்றலுடையது. கண்ணாடித் தகட்டுக்கு அந்த ஆற்றல் இல்லை. சுவரில் உள்ள சிற்ப வேலைப்பாடு தெரியும் அளவுக்கு ஒளியை ஏற்றால், வானும் தெருவும் மையிட்டதுபோல் மறைந்துவிடும். தெரு தெரியும் அளவுக்கு ஒளியை ஏற்றால், சுவர் வெற்று வெள்ளைத்தாளாகிவிடும். கட்டடம் தரையில் நிற்பதுபோன்று தோன்றாது. இருளிலிருந்து வெட்டியெடுத்து ஒட்டியதுபோன்று தோன்றும்.

மழை என்னும் துணை

இச்சிக்கலுக்குரிய விடையைப் பிரஸ்ஸாய் வானிலையில் கண்டார். மழை பெய்து ஓய்ந்த இரவுகளையும் பனிமூட்டம் சூழ்ந்த இரவுகளையும் அவர் விரும்பித் தேடினார். பாரிசின் தெருக்கள் பலவும் சிறு கருங்கற்களைப் பதித்து அமைக்கப்பட்டவை. வறண்டிருக்கும்போது அக்கற்கள் ஒளியை விழுங்கிவிடும். மழைநீர் படிந்தவுடன் ஒவ்வொரு கல்லின் முதுகும் ஒரு சிறு கண்ணாடியாகி விளக்கொளியைத் திருப்பி அனுப்பும். கருமையாகக் கிடந்த தரை வெள்ளிக் கோடுகளால் நிறையும். கட்டடத்தின் ஒளி அதன் காலடியில் நீண்டு படரும். மேலே நிற்கும் கல்லையும் கீழே கிடக்கும் தெருவையும் நீர் ஒன்றாகப் பிணைத்துவிடும்.

பனிமூட்டம் வேறொரு வகையில் உதவியது. காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் விளக்கொளியை எல்லாத் திசைகளிலும் சிதறச் செய்கின்றன. அதனால் மிகுந்த வெளிச்சம் தணிகிறது. ஆழ்ந்த இருள் இளகுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் பிறக்கின்றன. அருகில் உள்ளது தெளிந்தும் தொலைவில் உள்ளது மங்கியும் தோன்றுவதால் படத்துக்கு ஆழம் கிடைக்கிறது. நெப்போலியனின் படைத்தலைவராகிய மார்ஷல் நேயின் சிலையைப் பிரஸ்ஸாய் பனிமூட்டத்தில் எடுத்த படம் இதற்குச் சான்றாகும். உயர்த்திய வாளோடு நிற்கும் அந்த வெண்கல உருவம், ஒளி ஊறிய மூட்டத்தின் நடுவே ஒரு கருநிழலாக எழுகிறது.

விளக்குகளை நேருக்குநேர் எதிர்கொள்வதையும் அவர் இயன்றவரை தவிர்த்தார். மரத்தின் அடிப்பகுதி, சுவரின் முனை, தூண் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று விளக்கை மறைக்கும்படி தம் முக்காலியை நிறுத்துவார். விளக்கு மறைந்திருக்கும், அதன் ஒளி மட்டும் காட்சியெங்கும் பரவியிருக்கும்.

தெரிந்து தெளிவோம்

கண்ணாடித் தகட்டின் மீது பூசப்பட்ட வெள்ளி உப்புகள் ஒளிபட்டால் மாற்றமடைகின்றன. ஒளி குறைவான இரவில் இம்மாற்றம் நிகழ நெடுநேரம் வில்லையைத் திறந்துவைக்க வேண்டும். அவ்வளவு நேரம் கருவி அசையாதிருக்க முக்காலி தேவை. அந்நேரத்தில் அவ்வழியே நடந்து செல்வோர் ஓரிடத்தில் நிற்காததால் படத்தில் பெரும்பாலும் பதிவதில்லை. கட்டடம் மட்டுமே பதிகிறது. மிகுந்த ஒளி தகட்டை ஊடுருவி அதன் பின்புறக் கண்ணாடியில் பட்டுத் திரும்பினால், விளக்கைச் சுற்றி வெண்ணிற வளையம் படர்ந்து படம் கெட்டுவிடும்.

காத்திருத்தல்

வில்லையை எவ்வளவு நேரம் திறந்துவைப்பது என்பதைக் கணிக்கப் பிரஸ்ஸாய் கையாண்ட முறை வியப்புக்குரியது. அக்காலத்தில் இரவின் மங்கிய ஒளியை அளக்க ஏற்ற கருவி அவரிடம் இல்லை. ஆகவே தாம் புகைத்த வெண்சுருட்டையே கடிகாரமாகக் கொண்டார். ஓரளவு வெளிச்சமுள்ள இடமாயின் மெல்லிய சுருட்டு எரிந்து முடியும் வரையிலும், இருள் மிகுந்த இடமாயின் தடித்த சுருட்டு எரிந்து முடியும் வரையிலும் அவர் காத்திருந்தார். அந்நிமிடங்களில் மோட்டார் வண்டி ஏதேனும் எதிரே வந்தால் அதன் முகவிளக்கு படத்தைக் கெடுத்துவிடும். கையால் வில்லையை மறைத்து, வண்டி கடந்தபின் மீண்டும் திறக்கவேண்டும். சில வேளைகளில் அந்த முகவிளக்கையே அவர் தம் படத்தின் ஒளியாக்கிக்கொண்டதும் உண்டு.

கண்ணாடித் தகடுகள் எடைமிக்கவை, எளிதில் உடையக்கூடியவை. ஓர் இரவுக்கு ஏறத்தாழ இரண்டு டசன் தகடுகளையே அவரால் சுமக்க முடிந்தது. ஆதலால் கண்டதையெல்லாம் எடுக்க வழியில்லை. ஓரிடத்தில் நின்று நெடுநேரம் பார்த்து, இதுவே தக்க காட்சி என்று தெளிந்த பின்னரே ஒரு தகட்டைச் செலவிடுவார். வறுமை விதித்த இந்த எல்லையே அவருடைய பார்வையைக் கூர்மையாக்கியது.

நள்ளிரவில் ஆளில்லாக் கரையோரத்தில் முக்காலியோடு நிற்பவரைக் கண்டு காவலர்கள் ஐயுற்றனர். இருளில் படம் எடுக்கிறேன் என்று அவர் கூறியதை அவர்கள் நம்பவில்லை. காவல் நிலையம்வரை செல்லவேண்டிய நிலையும் நேர்ந்தது. அதன்பின், தாம் முன்னர் எடுத்த இரவுப் படங்கள் சிலவற்றை எப்போதும் உடன் வைத்திருக்கத் தொடங்கினார். சொல்லால் நம்பாதவர்கள் அவற்றைக் கண்டு நம்பினர்.

கோபுர உச்சியில்

பாரிசின் நடுவே, செய்ன் ஆற்றுத் தீவில் அமைந்துள்ளது நோத்ரதாம் பேராலயம். 12ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கப்பெற்ற அதன் கோபுர மாடத்தில் விந்தையான விலங்குருவங்கள் நகரை நோக்கி அமர்ந்துள்ளன. அவை 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த சீரமைப்பின்போது வைக்கப்பட்டவை. அவ்வுருவங்களோடு சேர்த்து இரவு நகரைப் படமெடுக்க வேண்டும் என்று பிரஸ்ஸாய் பெரிதும் விரும்பினார். ஆனால் இரவில் கோபுரத்தின்மேல் செல்ல எவருக்கும் இசைவில்லை.

கோபுரத்தின் காவற்பணியில் இருந்த பெண்மணியிடம் அவர் சென்று வேண்டினார், பணமும் கொடுத்தார். செய்தி வெளிப்பட்டால் தம் வேலை போய்விடும் என்று அப்பெண்மணி அஞ்சினார். இறுதியில் ஒரு நிபந்தனையோடு இசைந்தார். மேலே செல்லும்போதும் சென்றபின்பும் சிறு விளக்குகூட ஏற்றக்கூடாது, தீக்குச்சியும் உரசக்கூடாது.

குறுகிய சுழற்படிகளில், கருவியையும் முக்காலியையும் தகடுகளையும் சுமந்துகொண்டு, கைகளால் சுவரைத் தடவியபடியே அவர் ஏறினார். நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து மேல்மாடத்தை அடைந்தபோது மூச்சு இரைத்தது. கீழே பாரிசு விளக்குகளாக விரிந்திருந்தது. முன்னே கல்லுருவம் கருநிழலாக அமர்ந்திருந்தது. அப்பால், பிரெஞ்சுப் புரட்சிக்காலத்தில் இடிக்கப்பட்ட தேவாலயம் ஒன்றின் எச்சமாகிய செயின்ட் ஜாக் கோபுரம் தனித்து நின்றது. இம்மூன்றையும் அவர் ஒரே தகட்டில் பதித்தார். அப்படம் அவருடைய மிகச்சிறந்த படங்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. விளக்கேற்றக்கூடாது என்னும் கட்டளை அவருக்குத் தடையாகவில்லை. நகரின் ஒளியே போதும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இருட்டறையில் இரண்டாம் பிறப்பு

படம் எடுத்து முடிப்பது பாதி வேலை மட்டுமே. தம் விடுதி அறையிலேயே பிரஸ்ஸாய் ஓர் இருட்டறையை அமைத்திருந்தார். தகடுகளைத் தாமே கழுவினார். அச்சுப்படிகளையும் தாமே உருவாக்கினார். வேறொருவர் கையில் அப்பணியை ஒப்படைக்க அவர் விரும்பவில்லை.

தகட்டில் ஒளிபட்ட இடம் கருமையாகவும் இருண்ட இடம் தெளிவாகவும் மாறிப் பதியும். அதன் வழியே ஒளியைச் செலுத்தித் தாளில் விழச் செய்தால் உண்மையான தோற்றம் கிடைக்கும். தாளின் ஓரிடத்தைக் கையால் மறைத்தால் அவ்விடம் வெளுக்கும். ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக ஒளியைப் பாய்ச்சினால் அவ்விடம் கறுக்கும். இருட்டறைக் கலைஞர்கள் இவ்வாறே சுவரின் வெண்மையை அடக்கி, நிழலில் ஒளிந்திருந்த படிக்கட்டை வெளிக்கொணர்ந்தனர். இன்று கணினியிலும் கைப்பேசியிலும் படத்தைத் திருத்துவோர் செய்யும் வேலைகள் பலவும் அந்த இருட்டறையில் தோன்றியவையே.

தேவையற்ற ஓரங்களை வெட்டி நீக்குவதில் பிரஸ்ஸாய் சிறிதும் தயங்கியதில்லை. தகட்டில் பதிந்தது முழுவதையும் காட்டவேண்டும் என்னும் கட்டாயத்தை அவர் ஏற்கவில்லை.   பதிந்த ஒளியில் எது பேசவேண்டும் என்பதை அவரே தேர்ந்தார். இரவுப்படத்தில் இருளை முற்றிலும் நீக்கிவிட்டால் அது இரவாக இராது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே அவருடைய அச்சுப்படிகளில் கருமை ஆழமாகவே நிற்கிறது.

இரவுப் பாரிசு

இவ்வாறு உருவான படங்களிலிருந்து சில தேர்ந்தெடுக்கப்பட்டு, 1933ஆம் ஆண்டில் இரவுப் பாரிசு எனப் பொருள்படும் பெயரில் நூலாக வெளிவந்தன. எழுத்தாளர் பால் மொராந்த் அதற்கு முன்னுரை எழுதினார். ஆழ்ந்த கருமையைத் தாளில் இறக்கவல்ல கிராவியூர் முறையில் படங்கள் அச்சிடப்பட்டன. பக்கத்தின் விளிம்புவரை படம் பரவியிருந்ததால், நூலைத் திறப்போருக்கு இரவுக்குள்ளேயே நுழைவதுபோன்ற உணர்வு ஏற்பட்டது.

நூல் பெரும்புகழ் பெற்றது. அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி மில்லர் அவரைப் பாரிசின் கண் என்று போற்றிக் கட்டுரை வரைந்தார். பயணிகள் அறிந்த நினைவுச்சின்னங்களும் உள்ளூர் மக்களே கவனியாத தெருக்கற்களும் அந்நூலில் ஒத்த மதிப்போடு இடம்பெற்றிருந்தன. அதுவே அதன் தனிச்சிறப்பு.

விளக்கணைந்த காலம்

1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப்போர் மூண்டது. வான்தாக்குதலுக்கு அஞ்சிப் பாரிசின் விளக்குகள் அணைக்கப்பட்டன. 1940ஆம் ஆண்டு செருமானியப் படை நகரைக் கைப்பற்றியது. மக்கள் வெள்ளத்தோடு தெற்கு நோக்கிச் சென்ற பிரஸ்ஸாய், சில மாதங்களில் பாரிசுக்கே திரும்பினார். அவருடைய தகடுகள் அங்கேதான் இருந்தன.

வெளியில் படம் எடுக்கவேண்டுமாயின் ஆக்கிரமிப்பாளரிடம் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்று ஆணையிடப்பட்டது. அதைக் கேட்டுப்பெற அவர் மறுத்துவிட்டார். தெருவே தொழிற்களமாக வாழ்ந்த அவருக்கு அம்மறுப்பு வருவாயை இழப்பதாகவும் அமைந்தது. ஓவியர் பிக்காசோ தம் சிற்பங்களைப் படமெடுக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். அக்காலத்தில் பிரஸ்ஸாய் மீண்டும் கோட்டோவியங்கள் வரையத் தொடங்கினார். அவற்றைக் கண்ட பிக்காசோ, இத்தகைய திறமையைக் கைவிட்டது ஏன் என்று கடிந்துகொண்டார். ஆயினும் போர் முடிந்தபின் பிரஸ்ஸாய் ஒளிப்படத்துக்கே திரும்பினார்.

1949ஆம் ஆண்டு அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. 1956ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் அவருடைய குறும்படம் பரிசு பெற்றது. பாரிசுச் சுவர்களில் பெயரறியா மனிதர் கீறிய உருவங்களைப் பல்லாண்டுகள் படமெடுத்து 1961ஆம் ஆண்டு நூலாக்கினார். 1930களில் எடுத்தும் அக்காலத்தில் வெளியிட இயலாமற்போன படங்கள் பலவற்றைத் தம் நினைவுகளோடு சேர்த்து 1976ஆம் ஆண்டு வெளியிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படங்கள் காத்திருந்தன. காத்திருத்தலைக் கற்றவருக்கு அது புதிதன்று.

நிலைத்த பெயர்

பிரஸ்ஸாய் 1984ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மறைந்தார். தம் இளமையில் இரவெல்லாம் நடந்து திரிந்த பாரிசிலேயே, மொன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

ஓவியத்துக்கென அவர் போற்றிவைத்த ஜூலா ஹலாஸ் என்னும் பெயரை இன்று அறிந்தோர் சிலரே. தாழ்ந்தது என அவர் கருதிய கலைக்காகப் புனைந்த பெயரே உலகெங்கும் நிலைத்தது. வறுமையால் தகடுகள் குறைந்தன. அவர் பார்வை கூர்மை பெற்றது. மழையால் தெரு வெறிச்சோடியது, கற்கள் ஒளிர்ந்தன. தமக்கு வாய்த்த தடைகளை வெல்ல முற்படுவதைவிட, அவற்றோடு இணங்கிப் பணியாற்றக் கற்றதே அவருடைய வெற்றியாகும். மழை ஓய்ந்த இரவில், விளக்கொளி பட்டு நனைந்து நிற்கும் பழங்கட்டடம் ஒன்றின்முன் சற்றே நின்று நோக்குபவர் எவரும், அவர் கண்ட அழகைத் தாமும் காணலாம்.